ஒரு சொல்லை மாற்றும் முன்: சேலத்துச் சங்கங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் ஒரு செய்முறை

குடியிருப்போர் சங்கத்துச் சுற்றறிக்கையில் ‘குடும்பத் தலைவன் கையொப்பம்’ என்று அச்சாகியிருக்கிறது. யாரோ பேனாவால் ‘ன்’னை அடித்து ‘ர்’ போட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயம் எடுபடாது. அந்த ஒரு எழுத்திலேயே பொழுது போய்விடும். ‘இதெல்லாம் தேவையா’ என்று ஒரு பக்கம், ‘இதுகூட முடியாதா’ என்று இன்னொரு பக்கம். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னது நிற்கும்.

அப்படி ஆகாமல் நடத்த வழி இருக்கிறது. அம்மாப்பேட்டை நெசவாளர் குழு, செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள், ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளர்கள், கல்லூரித் தமிழ்த்துறை என்று யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு சொல்லை எடுங்கள். அதை வாயிலும் தாளிலும் போனிலும் ஓட்டிப் பாருங்கள். அந்தச் சொல் யாரைச் சுட்டுகிறதோ அவர்களைக் கேளுங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

எதைப் பற்றிய சண்டை என்று முதலில் பிரியுங்கள்

மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒரே மூட்டையாக வரும். அவிழ்க்காமல் பேசினால் விடியாது.

ஒன்று, விகுதி: தலைவன், தலைவி, தலைவர். இரண்டு, சொல்லையே மாற்றுவது: துப்புரவுப் பணியாளர் போய்த் தூய்மைப் பணியாளர், ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளிகள். மூன்று, பெயரின் எழுத்து: முகமதா முஹம்மதா, கிறித்தவரா கிறிஸ்தவரா. மூன்றாவதற்கு விவாதமே வேண்டாம். ஒருவர் தன் பெயரை ‘ஷாஜஹான்’ என்று எழுதினால் நாமும் அப்படியே எழுதுவதுதான் மரியாதை. கிரந்த எழுத்து ஆகாது என்பவர் தன் கட்டுரையில் அதைத் தவிர்த்துக்கொள்ளட்டும். அடுத்தவர் பெயரைச் ‘சாசகான்’ ஆக்கும் உரிமை அவருக்கு இல்லை. இந்த ஒரு விதியைக் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், தனித்தமிழ்ச் சண்டை உள்ளே நுழைந்து அரை மணியைத் தின்பது மிச்சம்.

ஆங்கிலத்தில் நடந்ததைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். ‘வுமன்’ என்ற சொல்லுக்குள் ‘மேன்’ உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் 1970களில் அதை ஒய் போட்டு எழுதினார்கள், பிறகு எக்ஸ் போட்டார்கள். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைச் சுட்டும் லாட்டினோ (ஆண்), லாட்டினா (பெண்) இரண்டுக்கும் பொதுவாக ‘லாட்டினெக்ஸ்’ வந்தது. 2020இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, அந்தச் சமூகத்தின் வயது வந்தோரில் அதைக் கேள்விப்பட்டவர்கள் 23 சதவீதம், தங்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் 3 சதவீதம். ஸ்பானிய வாய்க்கு அது வரவில்லை என்பது முக்கியமான புகார். பிரான்சில் சொல்லின் நடுவே புள்ளி வைத்து இரு பாலையும் காட்டும் முறையைப் பள்ளிகளில் வேண்டாம் என்று 2021இல் கல்வி அமைச்சகமே சொன்னது. சுவீடனில் அவன், அவள் என்று பிரிக்காமல் ஒருவரைச் சுட்டும் ‘ஹென்’ என்ற புதுப் பிரதிப்பெயர் மட்டும் 2015இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் ஏறிவிட்டது. அது வாயால் சொல்ல வரும் ஓரசைச் சொல்.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘வாய்க்கு வருமா’ என்ற கேள்வியை மட்டும்தான். குறியீட்டை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் விகுதி தனியாக நிற்கும் எழுத்தல்ல, அடுத்து வருவதோடு ஒட்டி உருமாறுவது. ‘மாணவன்’ என்பதில் ‘ன்’ இருக்கிறது, ‘மாணவனை’ என்றதும் அது ‘னை’ ஆகிவிடுகிறது, புள்ளி மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் நட்சத்திரமோ எக்ஸோ போட்டால் அதன் மேல் ‘ஐ’ எப்படி ஏறும்? உயிர்மெய் எழுதும் மொழியில் கடைசி எழுத்தைத் தனியே கழற்றி வேறொன்று மாட்ட முடியாது.

‘ர்’ என்ன செய்யும், என்ன செய்யாது

நமக்குத்தான் ‘அவர்’ இருக்கிறதே என்பார் ஒருவர். உண்மைதான். ‘ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே’ என்கிறது தொல்காப்பியம். ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணத்தின் நேர்வழி அல்ல, வழக்கில் வந்த உயர்வுச் சொல் என்றும் அதே நூல் பதிந்து வைத்திருக்கிறது. ஆக, ஆண் பெண் காட்டாமல் ஒருவரைச் சொல்லும் வழி நமக்குப் புதிதல்ல. ‘புதுசா எதையோ திணிக்கிறாங்க’ என்ற வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

ஆனால் ‘ர்’ போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. ஊரில் ‘மாணவர் விடுதி’ என்று பலகை இருந்தால் அது பையன்கள் விடுதி. பெண்களுக்கு ‘மாணவியர் விடுதி’ தனியாக இருக்கிறது. பக்கத்தில் ‘மாணவியர்’ வந்த அந்த நொடியே ‘மாணவர்’ ஆண்பாலாகிவிடுகிறது. நடிகர்–நடிகை, ஆசிரியர்–ஆசிரியை எல்லாம் இப்படித்தான். அதனால் ஒரே தாளில் ‘ஆசிரியர்’ என்று பொதுவாகவும் ‘ஆசிரியை’ என்று தனியாகவும் எழுதக் கூடாது. பொதுச்சொல் வேண்டுமென்றால் ஜோடிச்சொல்லைத் தாள் முழுக்க எடுத்தாக வேண்டும்.

இன்னொரு பள்ளம் பேச்சில் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. எழுத்தில் ‘அவர் வந்தார்’ இரு பாலுக்கும் பொது. பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் ஆண்தான். மரியாதையாகப் பெண்ணைச் சொல்லும்போது ‘அவங்க வந்தாங்க’ என்கிறோம். சோதித்துப் பாருங்கள். பத்துப் பேரிடம் ‘நாளைக்கு டாக்டர் வந்து பார்ப்பாரு’ என்று சொல்லி, மனசில் வந்த உருவத்தைக் கேளுங்கள். வேறு பத்துப் பேரிடம் ‘டாக்டர் வந்து பார்ப்பாங்க’ என்று சொல்லிக் கேளுங்கள். இந்த வித்தியாசத்தை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால், மேடை அறிவிப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் ‘ங்க’ போதும், எழுத்துக்கு ‘ர்’ போதும் என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

‘ன்’ என்றாலே அவமதிப்பு என்பவரும் கூட்டத்தில் இருப்பார். அவரை மலைக்குக் கூட்டிப்போங்கள். சேர்வராயன் மலையின் உச்சியில் குகைக்குள் இருக்கும் சாமிக்குப் பெயர் சேர்வராயன். யாரும் ‘சேர்வராயர்’ ஆக்கச் சொன்னதில்லை. முருகனும் அப்படித்தான். நெருக்கத்தில் ‘ன்’ இனிக்கும். கூலிப் பட்டியலிலும் சாதிப் பெயரிலும் அதே ‘ன்’ சுடும். எழுத்தை விடுங்கள், யார் யாரை எங்கே அப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள்.

‘ர்’ருக்கு அரசியல் கனமும் உண்டு. அதற்குச் சேலமே சாட்சி. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி இங்கே கூடித்தான் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1949இல் பிரிந்த கட்சியோ ‘ர்’ரை விட்டுத் ‘திராவிட’ என்று வைத்துக்கொண்டது. முதல் பெயர் ஆட்களைச் சுட்டியது, இரண்டாவது நிலத்தைச் சுட்டியது. ‘ஒரு எழுத்துல என்ன இருக்கு’ என்று கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

கூட்டத்தை அமைப்பது

12இலிருந்து 15 பேர் சரியான அளவு. 20 தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ குடிப்பார்கள். எந்தச் சொல்லை எடுக்கிறீர்களோ அந்தச் சொல் சுட்டும் ஆட்கள் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒரே ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் ‘பிரதிநிதி’ ஆகிவிடுவார், சொந்தக் கருத்தைச் சொல்லக் கூசுவார். மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கேட்பதில்தான் கூட்டத்தின் பாதிப் பயன் இருக்கிறது.

நேரம் 90 நிமிடம். சொற்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கைவசம் இருக்க வேண்டியவை: போஸ்ட் கார்டு அளவில் 60 வெற்று அட்டைகள், தடித்த பேனா, கரும்பலகை அல்லது வெள்ளைப் பலகை, தமிழ்க் குரல் நிறுவிய ஒரு ஆண்ட்ராய்டு போன். இவற்றைவிட முக்கியம், எந்தத் தாளில் சொல் இருக்கிறதோ அந்தத் தாளின் நகல். ‘பொதுவாகவே இந்தச் சொல்’ என்று பேச ஆரம்பித்தால் முடிவே வராது. ‘இந்த ரசீதில் மூன்றாவது வரி’ என்று பேசினால் வரும்.

பட்டிமன்றம் வேண்டாம். ‘மாற்ற வேண்டும்’, ‘மாற்றக் கூடாது’ என்று இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர் என்று வைத்தால் எல்லோரும் கைதட்டலுக்குப் பேசுவார்கள். முதல் பலி அந்தச் சொல் சுட்டும் ஆட்கள்தான், அவர்களை வைத்தே ஜோக் அடிப்பார்கள். வட்டமாக உட்காருங்கள். நடத்த ஒருவர், எழுத ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். தமிழாசிரியர் யாராவது இருந்தால் அவரை எழுதும் வேலையில் உட்கார வையுங்கள். இலக்கணம் தெரிந்தவர் நடத்தினால் எல்லாம் இலக்கண வகுப்பாகிவிடும். எழுதும் இடத்தில் இருந்தால் தேவைப்பட்டபோது மட்டும் சொல்வார்.

முதல் பத்து நிமிடம் தீர்ப்பு கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் இந்தச் சொல்லைக் கடைசியாக எங்கே கேட்டோம், யார் யாரிடம் சொன்னார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். கருத்து எழுதிய அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சூடேற்ற ஊர்ப் பெயரில் தொடங்குவது நல்லது. ஏற்காடா ஏர்க்காடா, சேர்வராயனா சர்வராயனா என்று ஐந்து நிமிடம் போகட்டும். இதில் யாருக்கும் மனசு புண்படாது, ஆனால் ‘நான் எழுதுவதுதான் சரி’ என்ற பிடிவாதம் எல்லோருக்கும் இருக்கிறது என்பது சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசாணை வந்து, அதே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டதை நினைவுபடுத்தலாம்.

சொல்லை ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்

பலகையில் பழைய சொல், முன்மொழிந்த சொல் இரண்டையும் எழுதி, கீழே ஐந்து உருபுகளைப் போடுங்கள்: ஐ, ஆல், கு, இன், இடம். ‘மாணவர்’ தேறிவிடும்: மாணவரை, மாணவரால், மாணவருக்கு, மாணவரின், மாணவரிடம். ‘மாணவன்/மாணவி’ என்று சாய்கோடு போட்டால் ‘மாணவனுக்கு/மாணவிக்கு’ என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுத வேண்டும். மூன்றாவது வரியில் கை சோர்ந்து ஒன்று விட்டுப்போகும், விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். ‘மாணவன்(வி)’ என்ற அடைப்புக்குறி வடிவம் ‘கு’விலேயே உடைந்துவிடும். ஐந்தில் ஒன்றில் தோற்றாலும் அந்த வடிவம் போகட்டும்.

அடுத்தது வினை. ‘தொழிலாளி’, ‘விவசாயி’, ‘நோயாளி’ போன்றவை தம்மளவில் பால் காட்டாது. வினைமுற்றுதான் காட்டிக்கொடுக்கும்: ‘தொழிலாளி வந்தான்’. அதனால் பெயரில் மட்டும் வேலை செய்துவிட்டு வினையை விட்டுவிட்டால் பயனில்லை. நல்ல செய்தி என்னவென்றால், அறிவிப்புகளுக்கு வேண்டிய வினைகளில் பாதிக்கு மேல் பால் காட்டாதவைதான்: வரலாம், வர வேண்டும், கூடாது, முடியும், விண்ணப்பிக்கவும், தேவை. ‘ஊழியன் காலை 9 மணிக்குக் கையெழுத்திட்டுவிட்டான் என்றால்’ என்று திணறுவதைவிடக் ‘காலை 9 மணிக்குள் கையெழுத்திட வேண்டும்’ என்று எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. புதுச்சொல் தேடும் முன் வாக்கியத்தைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். பத்தில் ஆறு தடவை முடியும்.

கடைவீதியில் தொங்கும் ‘கடைக்குப் பையன் தேவை’ அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாற்று கண்டுபிடிக்க அகராதி வேண்டாம். ‘ஆள் தேவை’ என்ற தொடர் எப்போதோ இருக்கிறது. ‘இருபாலரும் விண்ணப்பிக்கலாம்’ என்பது நல்ல எண்ணத்தில் எழுதியது, ஆனால் திருநரை (திருநங்கை, திருநம்பி இருவரையும்) வெளியே நிறுத்திவிடுகிறது. ‘அனைவரும் விண்ணப்பிக்கலாம்’ என்றால் எழுத்தும் மிச்சம். ‘திரு/திருமதி/செல்வி’ என்ற வரிசைக்குப் பதில் ‘திருமிகு’ போட்டால் ஒருவர் கல்யாணம் ஆனவரா என்று கவரின் மேலேயே கேட்க வேண்டியதில்லை.

பிறகு காது. போனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை, அதில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் வசதி). இயக்கிவிட்டு அந்தத் தாளின் தமிழ் உரையைப் படிக்க விடுங்கள். பார்வையற்றவர் கேட்பது இதுதான். சில குரல்கள் சாய்கோட்டை விழுங்கிவிடும், ‘மாணவன் மாணவி’ என்று ஒட்டி வரும். சில ‘ஸ்லாஷ்’ என்று நடுவில் குதிக்கும். நட்சத்திரமும் நடுப்புள்ளியும் இன்னும் மோசம். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளத்தான் புது எழுத்து என்று சொல்லிவிட்டுக் கண் தெரியாதவரை வெளியே தள்ளும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அதைவிட வேடிக்கை இல்லை. டாக்பேக்கை அணைக்கும் குறுக்குவழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் முடியும்வரை போன் யார் சொல்லையும் கேட்காது.

கடைசியாகத் தெரு. அந்த வாக்கியத்தை டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். வாய் கூசினால், அது எழுத்துக்கு மட்டும் ஆகும் சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தோல்வி அல்ல. தமிழில் பாதிச் சொற்கள் அப்படித்தான் வாழ்கின்றன.

சொல் சுட்டும் ஆட்கள் சொல்வது

திருநங்கை என்ற சொல்லின் வரலாறு இதற்கு நல்ல பாடம். முன்பு இருந்தவற்றில் சில வசையாகவே வழங்கின. ‘அரவாணி’ மரியாதையாக வந்தது, ஆனால் அது கூவாகத்து அரவான் கதையோடு கட்டுப்பட்டது. ‘திருநங்கை’ அந்தக் கட்டை அவிழ்த்தது. 2008இல் தமிழகம் நல வாரியம் அமைத்த காலத்தையொட்டி அந்தச் சொல் ஊன்றிவிட்டது. பிறகு பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள் ‘நாங்கள் எங்கே’ என்று கேட்டார்கள், ‘திருநம்பி’ வந்தது. இரண்டுக்கும் பொதுவாகத் ‘திருநர்’. சென்னை உயர் நீதிமன்ற வழக்கையொட்டி 2022 ஆகஸ்டில் தமிழக அரசு பாலினம், பாலீர்ப்பு சார்ந்த சொற்பட்டியல் ஒன்றையே வெளியிட்டது. ஒவ்வொரு படியிலும் சொல்லை நகர்த்தியது, அதற்குள் அடங்காமல் வெளியே நின்ற ஒருவர்தான். ஆகவே உங்கள் கூட்டத்திலும் ‘இந்தப் புதுச் சொல்லில் யார் இன்னும் வெளியே நிற்கிறார்கள்’ என்று ஒரு சுற்றுக் கேளுங்கள்.

‘விதவை’ வந்தால் புள்ளிக் கணக்கு ஒன்று வரும். அந்தச் சொல்லில் ஒரு புள்ளிகூட இல்லை, பொட்டில்லாத சொல். ‘கைம்பெண்’ என்றால் ம், ண் இரண்டிலும் பொட்டு இருக்கிறது. மேடையில் இது நன்றாக எடுபடும். ஆனால் ‘கைம்மை’ என்பதன் பொருளே கணவனை இழந்த நிலைதான். பொட்டு வந்தது, நிலை மாறவில்லை. கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே கேளுங்கள். சிலர் ‘எந்தச் சொல்லும் வேண்டாம், என் பெயர் போதும், எதுக்கு அந்தக் கட்டம்’ என்பார்கள். அப்போது விவாதம் சொல்லிலிருந்து படிவத்துக்கு நகர்கிறது. நகரட்டும்.

முடிவில் அவர்களுக்கு எவ்வளவு எடை? எங்கள் கணக்கு இது: அவர்கள் வேண்டாம் என்ற சொல் வேண்டாம், அதற்கு வாக்கெடுப்பு கிடையாது. அவர்கள் விரும்பிய சொல் மேலே சொன்ன சோதனைகளிலும் தேற வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடம்

சான்றிதழ். இங்கே நல்லெண்ணம் ஆளைத் தெருவில் நிறுத்திவிடும். ஏற்காட்டுப் பக்கம் இதை நன்றாகப் பார்க்கலாம். சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு அரசின் பழங்குடிப் பட்டியலில் உள்ள பெயர் ‘மலையாளி’. கேரளத்தவர் என்று குழப்பம் வருகிறதே என்று விண்ணப்பத்தில் ‘மலைவாழ் மக்கள்’ என்று எழுதினால், அந்தப் பெயரில் பட்டியலில் எதுவும் இல்லை. கட்டுரையிலும் துண்டறிக்கையிலும் முதல் தடவை ‘மலையாளிப் பழங்குடியினர்’ என்று விரித்து எழுதுங்கள், குழப்பம் தீரும். படிவத்தில் ‘மலையாளி’ மட்டும்.

2023 தொடக்கத்தில் தமிழகப் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தவர்களைத் தெருவில் நரிக்குறவர், குருவிக்காரர் என்கிறோம். சட்டத்தில் இருப்பதோ ‘ன்’னில் முடியும் நரிக்கொரவன், குருவிக்காரன். இப்படிப்பட்ட பெயர்களில் ‘ன்’னை ‘ர்’ ஆக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பட்டியல் அரசியலமைப்பின் 341, 342ஆம் பிரிவுகளின் கீழ் வருவது, நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் ஒரு எழுத்தும் நகராது. அதுவரை பேச்சிலும் அறிவிப்பிலும் ‘ர்’, விண்ணப்பத்தில் பட்டியல்படி. ‘ஆதரவற்ற விதவைச் சான்று’ போன்ற பெயர்களும் அப்படியே. இ-சேவை மையத்தில் வேறு பெயர் சொன்னால் தேடிக் கிடைக்காது.

‘காலனி’ இடைநிலையில் இருக்கிறது. அது வசையாக வழங்குவதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆனால் அதே சொல் வசதியான குடியிருப்புகளின் பெயரிலும் இருக்கிறது, அங்கே யாருக்கும் சுடுவதில்லை. முகவரியில் எங்கே சுடுகிறது என்று தெரு தெருவாகத்தான் பார்க்க வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை முகவரியை அவரவர் மாற்றும்வரை தபாலில் பழைய பெயரும் சேர்ந்து வரட்டும்.

முடிவும், முடிவுக்குப் பின் வரும் தச்சு வேலையும்

மூன்று பெட்டிகள் போதும்: இன்றே மாற்றுவது, ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பது, விட்டுவிடுவது. எழுதுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு வரி எழுதட்டும்: பழைய வடிவம், புதிய வடிவம், எந்தத் தாளில், யார் ஆட்சேபித்தார்கள் (பெயர் வேண்டாம், காரணம் மட்டும்). ஆட்சேபத்தை எழுதாமல் விட்டால் அது அடுத்த கூட்டத்தில் இரட்டிப்பாக வரும். ‘பேர் மாத்தினா சோறு கிடைக்குமா’ என்பதும் ஆட்சேபம்தான், சிரித்துத் தள்ளாதீர்கள். எஸ்டேட்டில் ‘கூலி’ என்பதைத் ‘தொழிலாளி’ ஆக்கிவிட்டு, ஆம்பளை ஆளுக்கு ஒரு சம்பளம், பொம்பளை ஆளுக்கு ஒரு சம்பளம் என்பதைத் தொடாமல் விட்டால் கேட்கத்தான் செய்வார்கள். அதைத் தனித் தாளில் எழுதிக் கூலிக் கூட்டத்துக்கு அனுப்புங்கள்.

அவசரப்படுத்துபவருக்கு ஒரு கணக்கு. லை, ணை போன்ற 13 எழுத்துகளின் இன்றைய வடிவத்தைப் பெரியார் குடியரசு இதழில் 1935இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அரசாணை வந்தது 1978 அக்டோபரில். 43 வருஷம். அதில் எந்தச் சொல்லின் பொருளும் மாறவில்லை, வடிவம் மட்டும்தான் மாறியது.

கணினியில் பழைய தாள்களைத் திருத்தும்போது தேடு–மாற்று வசதியை அப்படியே நம்பாதீர்கள். ‘ஊனமுற்றோர்’ என்று தேடினால் ‘ஊனமுற்றோருக்கு’, ‘ஊனமுற்றோரின்’ அகப்படாது, அங்கே ‘ர்’ரின் புள்ளி இல்லை. ‘ஊனமுற்ற’ என்ற அளவில் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். பழைய கோப்புகளில் ‘றோ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக அடிக்கப்பட்டிருந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு வேறாகத் தெரியும். அதற்கும் வேரளவில் தேடுவதே மருந்து. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பெயரும், பழைய சங்கப் பதிவுப் பெயரும் சேர்ந்து மாறிவிடும். மேற்கோளும் பதிவுப் பெயரும் பழையபடியே இருக்க வேண்டும்.

பலகை எழுதக் கொடுக்கும்போது இடத்தைக் கணக்கிடுங்கள். ‘ஊனமுற்றோர்’ ஆறு எழுத்து, ‘மாற்றுத்திறனாளிகள்’ பத்து. அதே அகலத்தில் திணித்தால் எழுத்து பொடியாகும், அல்லது ஃப்ளெக்ஸ் அடிப்பவர் ஒரு எழுத்தை விழுங்கி ‘மாற்றுதிறனாளிகள்’ ஆக்கிவிடுவார். இரண்டு வரியாக்குங்கள்: மேலே ‘மாற்றுத்’, கீழே ‘திறனாளிகள்’. ‘மாற்றுத்திற’ என்று உடைய விடாதீர்கள். ஒற்றோடு பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், போனில் சொல்ல வேண்டாம். அச்சுக்கு முன் மாதிரியை வாட்ஸ்ஆப்பில் வாங்கி, கூட்டத்தில் இருந்த அந்த மூன்று பேரில் ஒருவரிடம் காட்டுங்கள். சாய்தளத்தின் பக்கம் வைக்கும் பலகை என்றால் உயரத்தையும் அவரிடமே கேளுங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண் இருக்கும் மட்டம், ஏணியில் நின்று ஆணி அடிப்பவருக்குத் தெரியாது.